கோவம் வந்தால் பாவமோ? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு சின்னச் சபை எங்களுடையது. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஜெபக்கூட்டம் நடக்கும். ஜெபம் முடிந்து தேத்தண்ணி கைக்கு வந்த பிறகுதான் உண்மையான கேள்விகள் வெளியே வரும். அயலிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்களும் வருவார்கள். கேட்கிற ஆட்கள் மாறினார்கள், கேள்விகள் மாறவில்லை. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். நான் போதகர் அல்ல, ஓய்வுபெற்ற ஆசிரியை. கேட்டவர்கள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன், கேள்விகளை மட்டும் அவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். வசனங்கள் எங்கள் சபையில் வாசிக்கும் பழைய திருப்புதலில் உள்ளபடி.

கோவம் வாறதே பாவமோ?

இல்லை. "நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்" என்று எபேசியர் 4:26 சொல்கிறது. கோபமும் பாவமும் ஒன்றென்றால் இந்த வசனத்துக்கே அர்த்தமில்லை. மாற்கு 3:5 இல் இயேசுவே கோபத்துடன் சுற்றிலும் பார்த்தார் என்று எழுதியிருக்கிறது. ஓய்வுநாளில் ஒரு சூம்பின கையைக் குணமாக்குவதைக் குற்றம் பிடிக்கக் காத்திருந்தவர்கள் மேல் வந்த கோபம் அது.

காயீனின் கதையைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். ஆபேலைக் கொன்ற பிறகு கடவுள் வந்து கேட்டதுதான் எல்லாருக்கும் ஞாபகம். அதற்கு முன்பும் ஒருமுறை வந்து, "உனக்கு ஏன் எரிச்சல் உண்டாயிற்று?" என்று கேட்கிறார். பாவம் வாசற்படியில் படுத்திருக்கிறது என்று எச்சரிக்கிறார். வாசற்படியில்தான் படுத்திருக்கிறது, இன்னும் உள்ளே வரவில்லை. எரிச்சல் வந்ததற்காக அந்த இடத்தில் அவனுக்குத் தண்டனை எதுவும் இல்லை.

எனக்கு மூக்கு நுனியில கோவம். பிறவிக் குணம். இனி மாறுமோ?

மூக்கு நுனியில் கோபம் என்று நாங்கள் சொல்வது எபிரெயர்களுக்கும் நல்லாய் விளங்கியிருக்கும். அவர்கள் மொழியில் மூக்குக்கும் கோபத்துக்கும் ஒரே சொல். யாத்திராகமம் 34:6 இல் கடவுளை "நீடிய சாந்தம்" உள்ளவர் என்று எங்கள் வேதாகமம் சொல்கிற இடத்தில், மூலத்தில் இருப்பது நேரடியாகப் பார்த்தால் "நீண்ட மூக்குடையவர்". கோபம் மூக்கு நுனிக்கு வந்து சேர நெடுநேரம் எடுக்கும் என்று நான் விளங்கிக்கொள்கிறேன். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் ஒரு வாரத்துக்குச் சிரிப்பார்கள், ஆனால் மறக்கமாட்டார்கள்.

பிறவிக் குணம் என்பதை நான் மறுக்கவில்லை. யாக்கோபுக்கும் யோவானுக்கும் இயேசு வைத்த பட்டப்பெயரே "இடிமுழக்க மக்கள்". தங்களை ஏற்றுக்கொள்ளாத ஒரு சமாரியக் கிராமத்தை வானத்திலிருந்து அக்கினி இறக்கி அழிக்கட்டோ என்று கேட்ட ஆட்கள் அவர்கள் (லூக்கா 9:54). இயேசு அதட்டினார், ஆனால் கூட்டத்திலிருந்து கலைக்கவில்லை. கலாத்தியர் 5 சொல்லுகிற ஆவியின் கனியில் நீடிய பொறுமையும் இச்சையடக்கமும் உண்டு. அது பப்பாசி மாதிரி ஒரு வருஷத்தில் காய்க்கிற மரமல்ல, பனை.

கோவம் வாற நேரம் வசனம் ஒண்டும் ஞாபகம் வராது. அந்த நேரம் என்ன செய்யிறது?

உண்மை, வராது. நெஞ்சு அடித்து, முகம் சுட்டு, கை நடுங்குகிற நேரத்தில் உடம்பு சண்டைக்குத் தயாராகிவிட்டது, யோசிக்கிற வேலை பின்னுக்குப் போய்விட்டது. அதனால் முதலில் உடம்பைத்தான் பார்க்கவேண்டும். வாயை மூடுங்கள். எழும்பிக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவுங்கள். மூச்சை உள்ளே எடுப்பதிலும் பார்க்க வெளியே விடுவதை நீளமாக்குங்கள், பத்துத் தரம் போதும். ஜெபம் என்றால் "ஆண்டவரே, இரங்கும்" என்ற இரண்டு சொல்லுக்கு மேல் அந்த நேரம் யாராலும் முடியாது. எழும்பிப் போகமுன், "கொஞ்சத்தால வாறன், பிறகு கதைப்பம்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனால் அது வேறு வருத்தம், கீழே சொல்கிறேன்.

கொட்டித் தீர்த்தால் ஆறிவிடும் என்று சட்டி பானையை அடிக்கிற பழக்கம் பலருக்கு உண்டு. இதைச் சோதித்துப் பார்த்த உளவியலாளர்கள் அப்படி ஆறுவதில்லை, கூடத்தான் செய்கிறது என்று கண்டிருக்கிறார்கள். "மூடன் தன் உள்ளத்தையெல்லாம் வெளிப்படுத்துகிறான்" என்று நீதிமொழிகள் 29:11 முன்பே சொல்லிவிட்டது.

இன்னொன்று. சாப்பிட்டீர்களா, நித்திரை கொண்டீர்களா என்று பாருங்கள். யோனா சாகவேண்டும் என்கிற அளவுக்குக் கோபித்தது ஒரு ஆமணக்குச் செடிக்காக. தலையில் வெயில், அனல் காற்று, நிழல் தந்த செடி பட்டுப்போயிற்று. சித்திரை மாதத்தில் கரண்டும் இல்லாமல், அடுப்படியில் நிற்கிற எந்தப் பெண்ணுக்கும் யோனாவை விளங்கும். எலியா இதேபோல் சாகக் கேட்டபோது கடவுள் பிரசங்கம் வைக்கவில்லை, தூங்கவிட்டு, எழுப்பிச் சாப்பாடு கொடுத்து, திரும்பவும் தூங்கவிட்டார் (1 இராஜாக்கள் 19).

"சூரியன் அஸ்தமிக்கிறதுக்கு முன்னால" எண்டால், இரவு பத்து மணிக்குச் சண்டை வந்தா?

சிரித்துக்கொண்டுதான் கேட்டா, ஆனால் நல்ல கேள்வி. முதல் கேள்வியில் சொன்ன எபேசியர் 4:26 இன் பிற்பாதி அது, சூரியன் அஸ்தமிக்கமுன் எரிச்சல் தணியவேண்டும் என்பது. அதை எழுதின பவுல் மணிக்கூடு வைத்துச் சொல்லவில்லை. கோபத்தை அடுத்த நாள் கணக்கில் கொண்டுபோய் ஏற்றாதே என்கிறார். அந்த வசனத்தின் முதற்பாதி சங்கீதம் 4:4 இலிருந்து வருகிறது. சங்கீதக்காரன் அதோடு சேர்த்துச் சொல்வது, படுக்கையில் உங்கள் இருதயத்தோடு பேசிக்கொண்டு அமர்ந்திருங்கள் என்பது. பத்து மணிக்கு மேல் களைத்துப்போய்ப் பிடிக்கிற சண்டை எதுவும் நல்லபடி முடிந்து நான் கண்டதில்லை. "எனக்கு இன்னும் கோவம் போகேல்ல, நாளைக்குக் காலமை இதைக் கதைப்பம், இப்ப படுப்பம்" என்று சொல்லிவிட்டுப் படுங்கள். காலையில் சொன்னபடி கதையுங்கள்.

நான் சத்தம் போடுறேல்ல. கதைக்காம விடுறன், அவ்வளவுதான். அது பெருந்தன்மைதானே?

இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கியதே இந்தக் கேள்விக்காகத்தான். கத்துகிறவனை நாங்கள் கொதியன் என்று ஊர் முழுக்கச் சொல்லுவோம். ஒழுங்கையில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்புகிற, சாவீட்டிலும் மற்றப் பக்கம் பார்த்து இருக்கிற, "எங்களுக்கும் அவைக்கும் கதைபேச்சில்லை" என்று இருபது வருஷம் சொல்லிக்கொண்டிருக்கிற ஆளை அமைதியான மனுசன் என்போம். எங்கள் ஊரில் கோபம் பெரும்பாலும் சத்தமாக இருப்பதில்லை. அதனால் அதைக் கோபமென்று யாரும் எண்ணுவதுமில்லை, சபையில் அதற்காக யாரும் ஜெபம் கேட்பதுமில்லை.

வேதாகமத்தில் இது நன்றாகவே எழுதியிருக்கிறது. ஆகாப் ராஜா பக்கத்துக் காணி கிடைக்கவில்லை என்று சாப்பிடாமல் கட்டிலில் படுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். காணிச் சண்டை, மூஞ்சியை நீட்டுதல், சாப்பாட்டைத் தள்ளுதல் என்று எல்லாம் அப்படியே எங்கள் வீடுகள். முடிவில் காணிக்காரன் நாபோத்தைக் கல்லெறிந்து கொன்றார்கள். அப்சலோம் இன்னும் மோசம். தங்கை தாமாரை வேறு தாய்க்குப் பிறந்த அண்ணன் அம்னோன் கெடுத்த பிறகு தகப்பன் தாவீது கோபப்பட்டான், ஆனால் ஒன்றும் செய்யவில்லை. அப்சலோமோ நன்மையாகிலும் தின்மையாகிலும் அம்னோனோடு பேசவில்லை (2 சாமுவேல் 13:22). இரண்டு வருஷம் அந்த மௌனம். பிறகு விருந்துக்குக் கூப்பிட்டுக் கொல்வித்தான். அவன் கோபம் நியாயமான கோபம், அதுதான் பயங்கரம்.

மற்றவர்களைச் சொல்லிவிட்டு நான் தப்பக்கூடாது. எங்கள் தோட்டக் கிணறு பங்குக் கிணறு. வெங்காயத்துக்கு இறைப்பு முறை யாருக்கு என்று நானும் அண்ணாவும் பிடித்த சண்டை கால் மணித்தியாலம்தான். கதைக்காமல் இருந்தது ஆறு வருஷம். அந்த ஆறு வருஷமும் நான் ஞாயிறு பாடசாலையில் அன்பைப் பற்றிப் படிப்பித்தேன்.

இயேசுவே கோயில்ல சவுக்கு எடுத்தவர்தானே? பிறகேன் எங்களுக்கு மட்டும் பொறுமை?

எடுத்தார். ஆனால் மாற்கு 11 ஐ மெதுவாக வாசியுங்கள். முதல் நாள் ஆலயத்துக்குப் போய் எல்லாவற்றையும் சுற்றிப் பார்க்கிறார், சாயங்காலமாகிவிட்டது என்று பெத்தானியாவுக்குப் போகிறார். அடுத்த நாள் வந்துதான் மேசைகளைக் கவிழ்க்கிறார். யோவான் சொல்லும்போது கயிற்றினால் சவுக்கை அவரே உண்டாக்கினார் என்கிறார். கயிறு திரிக்கிறவனுக்கு நேரம் தேவை. இரவைத் தாண்டியும் நிலைத்த கோபம் அது. அப்படியென்றால் மேலே சூரியனைப் பற்றிச் சொன்னது பொய்யா? இல்லை. இரவைத் தாண்டி நின்றது எரிச்சல் அல்ல, அவர் எடுத்த முடிவு.

யாருக்காகக் கோபித்தார் என்றும் பாருங்கள். புறா ஏழைகளின் காணிக்கை, ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாதவனுக்குச் சொல்லப்பட்டது. அவன் ஜெபிக்க வருகிற இடத்தில் வியாபாரம். தன்னை அறைந்தபோதும் துப்பியபோதும் அவர் எந்த மேசையையும் கவிழ்க்கவில்லை. எங்கள் கோபங்களில் பத்துக்கு ஒன்பது எங்களுக்காகத்தான் வருகிறது.

கத்தோலிக்கர் கோவத்தைத் தலையான பாவம் எண்டுறாங்கள். நீங்க பாவமில்லை எண்டுறீங்கள். ஆர் சரி?

இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள். தலையான பாவங்கள் ஏழு என்ற பட்டியலுக்கு 6ஆம் நூற்றாண்டில் பாப்பரசர் பெரிய கிரகோரியார் வடிவம் கொடுத்தார். "தலையான" என்றால் மற்றப் பாவங்களுக்குத் தலையாக, ஊற்றாக இருப்பவை. பழிவாங்க விரும்புகிற, வளர்த்து வைத்திருக்கிற கோபத்தைத்தான் அதில் சொல்கிறார்கள், முதல் கேள்வியில் சொன்ன எரிச்சலை அல்ல. கத்தோலிக்கர் பெரிதும் மதிக்கும் புனித தோமா அக்குவினாஸ், கோபம் வரவேண்டிய இடத்தில் வராமலிருப்பதும் ஒரு குறைதான் என்று எழுதியிருக்கிறார்.

எங்கட வேதாகமத்தில "நியாயமில்லாமல்" கோவிக்கிறவன் எண்டு இருக்கு. கத்தோலிக்கரிட பொது மொழிபெயர்ப்பில அந்தச் சொல்லு இல்லையே?

கூர்மையான கண். மத்தேயு 5:22 இல் அந்த ஒரு சொல் பிற்காலக் கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் பெரும்பாலானவற்றில் உண்டு, மிகப் பழையவை சிலவற்றில் இல்லை. எங்கள் பழைய திருப்புதல் முதலாவதைப் பின்பற்றியது, பொது மொழிபெயர்ப்பு இரண்டாவதை. யாரோ வேண்டுமென்று வெட்டவில்லை. வேதாகமத் தமிழில் ஒரு சொல்லுக்காக வாதாடுவது யாழ்ப்பாணத்துக்குப் புதிதுமல்ல. 19ஆம் நூற்றாண்டில் பேர்சிவல் பாதிரியாரின் மொழிபெயர்ப்புக்கு உழைத்தவர் சைவரான ஆறுமுக நாவலர்.

அந்தச் சொல் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன, எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தான் நியாயமில்லாமல் கோபிக்கிறேன் என்று சொன்ன ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அடிக்காமல் பிள்ளையளை எப்பிடி வளக்கிறது? "பிரம்பைக் கையாடாதவன்" எண்டு வசனம் இருக்கே?

நீதிமொழிகள் 13:24. அங்கே "பிரம்பு" என்று வருகிற எபிரெயச் சொல்லே, "உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்" என்கிற சங்கீதம் 23 இல் "கோல்" என்று வருகிறது. மேய்ப்பன் கோலை வைத்திருப்பது ஆட்டுக்கு வழிகாட்டவும் ஓநாயை விரட்டவும். ஒழுங்கு கற்பிக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. கொலோசெயர் 3:21 பிள்ளைகள் மனந்தளரும்படி அவர்களைக் கோபப்படுத்தவேண்டாம் என்று தகப்பன்மாருக்குச் சொல்கிறது. பிள்ளைகளுக்கும் கோபம் உண்டு என்று பவுலுக்குத் தெரிந்திருந்தது.

நான் பிரம்போடு படிப்பித்த தலைமுறை. கோபமில்லாமல் அடித்தேன் என்று நேர்மையாகச் சொல்லக்கூடிய ஒரு நாள்கூட ஞாபகத்தில் இல்லை. கோபத்தில் அடிக்காதே என்று ஒரு விதி வைத்தால் அடியே நின்றுவிடும், அதுதான் என் அனுபவம். அடித்துவிட்டீர்களென்றால் பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள். மரியாதை குறையாது.

மனுசன் குடிச்சிட்டு அடிக்கிறார். பொறுத்துப் போ, ஜெபி எண்டுறாங்கள். எனக்குக் கோவமும் வரக்கூடாதோ?

வரலாம், வரவேண்டும். பொறுமை என்றால் அடிவாங்கிக்கொண்டிருப்பது என்று வேதாகமம் எங்கும் சொல்லவில்லை. சவுல் ஈட்டியெறிந்தபோது தாவீது அந்த இரவே தப்பி ஓடினான். நாபாலின் மனைவி அபிகாயில், பழிவாங்க வந்துகொண்டிருந்த தாவீதிடமிருந்து வீட்டைக் காப்பாற்றப் புருசனுக்குச் சொல்லாமலே போய் அவனைச் சந்தித்தாள். திரும்பி வந்தபோது நாபால் வெறியில் இருந்தான், அதனால் விடியும்மட்டும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை (1 சாமுவேல் 25:36). வெறியில் இருக்கிற ஆளோடு நியாயம் பேசப் போகாதீர்கள், பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பொலிஸில் சிறுவர், பெண்கள் பிரிவு இருக்கிறது, அவசரத்துக்கு 119. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பிரதேச செயலகத்திலும் மகளிர் விடயங்களைப் பார்க்கிற உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். மன்னிப்பைப் பற்றிப் பிறகு கதைக்கலாம், முதலில் உயிர்.

சண்டையில பிள்ளையைக் குடுத்த தாய் நான். மன்னி எண்டு எனக்குச் சொல்லாதேங்கோ.

சொல்லமாட்டேன், அம்மா. 1995 ஜூலை 9 இல் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் அடைக்கலம் தேடியிருந்த சனங்கள் மேல் குண்டு விழுந்தது, நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அப்படிப்பட்ட மண்ணில் இருந்துகொண்டு அந்தச் சொல்லை லேசாகச் சொல்ல எனக்கு வாய் வராது. சங்கீதம் 137 இன் கடைசி வசனத்தைச் சபையில் யாரும் சத்தமாக வாசிப்பதில்லை, அவ்வளவு கொடூரமான பழி அதில் இருக்கிறது. ஆனால் அது ஜெபப் புத்தகத்துக்குள்தான் இருக்கிறது. இந்தக் கோபத்தையும் கொண்டுவரலாம் என்று கடவுள் அதற்கு இடம் விட்டிருக்கிறார்.

"பழிவாங்குதல் எனக்குரியது" என்று ரோமர் 12:19 இல் வருவதை வழக்கை வாபஸ் வாங்கு என்று பலர் விளங்கிக்கொள்கிறார்கள். நான் அப்படி வாசிப்பதில்லை. வழக்கு அப்படியே இருக்கிறது, பெரிய நீதிபதியின் கைக்கு மாறுகிறது. உண்மையைக் கேட்பது பழிவாங்கல் அல்ல. லூக்கா 18 இல் நியாயம் கேட்டு நீதிபதியை விடாமல் தொந்தரவு செய்த விதவையை இயேசு ஜெபத்துக்கு உதாரணமாக வைத்தார். 2017 இலிருந்து வடக்கில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு தெருவோரத்தில் இருந்த தாய்மாரைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த விதவைதான் ஞாபகம் வரும்.

எனக்குக் கடவுளோடயே கோவம்.

அவரிடமே சொல்லுங்கள். யோபு சொன்னான், எரேமியா சொன்னான். கடைசியில் கடவுள் கண்டித்தது யோபுவுக்கு நல்ல நல்ல விளக்கம் சொன்ன சினேகிதர்களைத்தான் (யோபு 42:7). அதனால் நானும் விளக்கம் சொல்லாமல் நிறுத்துகிறேன்.

ஜெபிச்சும் மாறேல்ல. டொக்டரிட்டப் போனா விசுவாசக் குறைவெண்டு சொல்லமாட்டினமோ?

சிலர் சொல்லுவார்கள். விடுங்கள், பவுலோடு கூடத் திரிந்த லூக்கா ஒரு வைத்தியர். சிறிய விஷயத்துக்கெல்லாம் வெடிப்பது, நித்திரையில்லாமை, பழைய சத்தங்கள் கேட்டால் உடம்பு நடுங்குவது ஆகியவை மனச்சோர்வின் அல்லது போர் விட்டுப்போன மனவடுவின் அடையாளமாக இருக்கலாம். ஆண்களுக்கு மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வராது, எரிச்சலாகத்தான் வரும். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற மனநல வைத்தியர்கள் யாழ்ப்பாணத்தில் இதைப் பல வருஷம் பார்த்து எழுதியிருக்கிறார்கள். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. மனநல உதவி இலக்கமான 1926 க்குத் தொலைபேசியில் கதைக்கலாம். உளவளத்துணைக்குப் போனால் பைத்தியம் என்று ஊர் சொல்லும் என்கிற பயம் இப்போது முந்தி மாதிரி இல்லை.

பூசையில சமாதானம் குடுக்கிற நேரம் அவ எனக்குப் பக்கத்தில நிண்டா?

கை கொடுங்கள். அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். மத்தேயு 5:23 இல் "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால் காணிக்கையை வைத்துவிட்டுப் போ என்றுதான் இருக்கிறது. உனக்கு அவர்மேல் உள்ள குறையைப் பற்றி அந்த இடத்தில் பேச்சே இல்லை. நாங்கள் மாறி வாசித்துப் பழகிவிட்டோம்.

நான் முதல் போனா, பிழை என்னில எண்டு ஆகிடுமே? போயும் அவை கதைக்காட்டி?

ஆகும். ஊர் அப்படித்தான் சொல்லும். "கூடுமானால் உங்களாலானமட்டும்" சமாதானமாயிருங்கள் என்று ரோமர் 12:18 இரண்டு விட்டுக்கொடுப்பு வைத்துத்தான் சொல்கிறது. மற்ற ஆளின் பங்கு உங்கள் கையில் இல்லை.

அண்ணா வீட்டுக்கு நான் போனது கறுத்தக் கொழும்பான் காலத்தில், ஒரு பை மாம்பழத்தோடு. அண்ணி வாங்கி வைத்தா. அண்ணா பேப்பரிலிருந்து தலையெடுக்கவில்லை. இரண்டாம் முறையும் அப்படித்தான், நான் ஒழுங்கை முழுக்கக் கோபத்தோடு நடந்து வந்தேன். மூன்றாம் முறை அவர் பேப்பருக்குப் பின்னாலிருந்தே அண்ணியிடம் "அவளுக்குத் தேத்தண்ணி போடு" என்றார். சண்டையைப் பற்றி இன்றுவரை நாங்கள் கதைத்ததில்லை. இறைப்பு முறையை மட்டும் ஒரு கொப்பித் தாளில் எழுதிக் கிணற்றடிக் கொட்டிலில் ஒட்டியிருக்கிறோம். விடியப்புறம் அவர்களுக்கு, பின்னேரம் எங்களுக்கு.